ஈறில் ஒரு கட்டி: பெயர் சொல்வது நுண்ணோக்கி

ஈறில் வலியில்லாத சிறு கட்டி வந்தால் 'சதை வளர்ந்திருக்கிறது' என்று விட்டுவிடுகிறோம். அரூர் போன்ற தாலுகா ஊர்களில் பல் வலித்தால்தான் மருத்துவரிடம் போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை பற்காரையும் உணவுத் துணுக்கும் உறுத்துவதால் வருபவை. ஆனால் அதே தோற்றத்தில், அரிதாக, வேறொன்றும் வரும். மருத்துவத்தில் அதை 'பெரிஃபரல் ஓடான்டோஜெனிக் ஃபைப்ரோமா' என்பார்கள். பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து ஈறில் எழும் நார்க்கட்டி என்பது பொருள். இது புற்றுநோய் அல்ல.

இது எங்கிருந்து வருகிறது? கருவில் பல் உருவாகும்போது, வாயின் மேற்படலச் செல்கள் நாடா போலத் தாடைக்குள் இறங்கிப் பல் மொட்டுகளை உண்டாக்குகின்றன. வேலை முடிந்ததும் அந்த நாடா அறுந்து மறைகிறது. சில செல் கொத்துகள் மட்டும் ஈறுக்குள் தங்கிவிடுகின்றன. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஒருவரின் பெயரால் இவற்றை 'செர்ரே எச்சங்கள்' என்கிறார்கள். கட்டியின் வேர் இவையே என்று கருதப்படுகிறது.

வாயைத் திறந்து பார்த்தால், ஈறின் நிறத்திலேயே கெட்டியான ஒரு மேடு தெரியும். மெதுவாக வளரும், பக்கத்துப் பல்லைச் சற்று நகர்த்தவும் கூடும். எக்ஸ்ரேயில் எலும்பு பெரும்பாலும் சேதமின்றியே இருக்கும். இதே தோற்றம் 'பெரிஃபரல் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா' என்ற கட்டிக்கும் உண்டு. அது உறுத்தலுக்கு எதிர்வினையாக, உள்ளே எலும்புத் துகள்களோடு வளரும் நார்க்கட்டி. பெயரும் ஒத்திருப்பதால் இரண்டும் நெடுங்காலம் குழப்பப்பட்டன. இவை வேறு வேறு என்று 1982இல் கார்ட்னர் என்ற ஆய்வாளர் தெளிவுபடுத்தினார்.

வேறுபாடு தெரிவது நுண்ணோக்கியில்தான். வெட்டியெடுத்த சதையை 10 சதவீத ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சுமார் 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். அப்படி 200 சீவல்களை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர். சாயமேற்றியதும் செல் கருக்கள் நீலமாகவும் நார்கள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். பின்னிக் கிடக்கும் நார்களுக்கு நடுவே அந்தப் பழைய நாடாச் செல்கள் தீவுகளாகவோ இழைகளாகவோ தென்பட்டால், அது முதலில் சொன்ன ஓடான்டோஜெனிக் வகை. இந்த வகையிலும் சிலவற்றில் சுண்ணத் துகள்கள் இருக்கும். ஆகவே துகளை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

இரண்டுக்கும் சிகிச்சை அடியோடு அகற்றுவதே. பிறகு பெயர் எதற்கு? இரண்டுமே திரும்ப வரக்கூடும். எதைக் கண்காணிக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மிக அரிதாக, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயும் ஈறில் இதே வடிவில் தோன்றும். அதை விலக்குவதற்கும் பரிசோதனை வேண்டும்.

அரூரில் எடுத்த சதை ஃபார்மலின் புட்டியில் கெடாமல் தருமபுரிக்கோ சேலத்துக்கோ போய்ச் சேரும். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்குறியியல் துறைகள் உள்ளன. கட்டியை எடுத்தபின், 'சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா?' என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.