பல்லும் பருவமும்

எழுத்துத் தோன்றாத தொல்பழங்காலத்து மாந்தர் எப்பருவத்தில், எங்கு வேட்டையாடினர் என்பதை உணர்த்தும் ஏடு ஒன்றும் இல்லை. ஆயினும், அவர்கள் தின்று எறிந்த விலங்குகளின் பற்கள் அக்குறையை ஒருவாறு நிரப்புகின்றன.

பாலூட்டிகளின் பல்வேரைச் சுற்றிக் காரைபோன்ற பொருள் ஒன்று ஆண்டுதோறும் படிகின்றது. அதனைப் பற்காரை என்பர். மேய்ச்சல் மிக்க பருவத்தில் அகன்ற படலமும், வளர்ச்சி குன்றும் பருவத்தில் மெல்லிய கோடும் உண்டாகும். மரத்தின் வளையங்கள் போல இவை அடுக்கடுக்காய் அமையும். பல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் நோக்கின், அடுக்குகளின் எண்ணிக்கை விலங்கின் அகவையையும், ஈற்றடுக்கு அஃது இறந்த பருவத்தையும் காட்டும்.

நடுநிலக் கடலின் கீழ்க்கரை நாடுகளில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகட்கு முன் தோன்றிய மக்களை அறிஞர் நத்தூபியர் என்பர். உழவு தோன்றுமுன்னரே அவர்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தனரா என்பது நெடுநாள் வினா. டேனியல் லீபர்மன் என்னும் அறிஞர், ஹயோனிம் குகை முதலிய இடங்களிற் கிடைத்த கெசல் என்னும் சிறுமான்களின் பற்களை ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டில் தம் கருத்தை வெளியிட்டார். நத்தூபியர் உறைவிடங்களில், மழைபெய்யும் குளிர்காலத்தில் கொல்லப்பட்டனவும் வறண்ட கோடையில் கொல்லப்பட்டனவும் ஒருங்கே இருந்தன. அவர்களுக்கு முன்னோர் இடங்களிலோ, பெரும்பாலும் ஒரு பருவத்துப் பற்களே காணப்பட்டன. ஆதலின், நத்தூபியர் நிலைகுடியினர் ஆயினர் என அவர் கருதினார்.

இம்முடிவு போற்றத்தக்கது, எனினும், ஆராயாது கொள்ளத்தக்கதன்று. இருபருவத்தும் வேட்டை நிகழ்ந்தது என்பதனாலேயே, வேட்டுவர் இடையில் நீங்கவில்லை என்பது பெறப்படாது. ஆண்டில் இருமுறை வந்து சென்றோரும் இத்தகைய பற்களையே விட்டுச் சென்றிருப்பர். மேலும், நெடுங்காலம் மண்ணிற் கிடந்த பல்லின் ஈற்றடுக்குச் சிதைந்திருத்தலும் கூடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இங்குப் பொருந்தாது. பல பற்கள் ஒன்றுபட்டுச் சான்று கூறல் வேண்டும். அச்சான்றோடு குடியிருப்பின் சுவர்களும் பிற எச்சங்களும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஆகவே, அகழ்வோர் பொன்னையும் மணியையும் போற்றிப் பற்களைக் குப்பையென ஒதுக்குதல் தகாது. ஆராய்வோரும் கிடைத்த பற்கள் அனைத்தையும் அறுத்துவிடுதல் தகாது. அறுத்த பல் மீண்டும் முழுமை பெறாது. அறுக்குமுன் அதனை அளந்து, நிழற்படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். எஞ்சியவற்றைப் பின்வரும் அறிஞர்க்கெனப் பேணுதல் வேண்டும். இன்று விடைகாணா வினாவுக்கு நாளை வருவோர் புதிய கருவிகொண்டு விடை காண்பர். அவர்க்குரிய சான்றை அழித்தற்கு எவர்க்கும் உரிமை இல்லை.