சுவரில் இருக்கும் அந்தச் சிறு பெட்டி யாருக்காக?

பனிக்காலம் தொடங்கிவிட்டால் எமது மருத்துவ நிலையம் முதியோரால் நிரம்பிவிடும். இருமல், முட்டு, மூட்டு வலி, ஏறிய பிரஷர் என்று ஆளுக்கொரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தை மாதத்தில் வந்த அம்மா ஒருவர் இரண்டு சுவெற்றர்களும் அவற்றுக்கு மேல் ஒரு சால்வையும் போட்டிருந்தார். குளிசைகளை ஒழுங்காகத்தான் எடுக்கிறார். ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தபோது விரல்கள் சில்லென்று இருந்தன.

"வீட்டிலை குளிரோ அம்மா?" என்று கேட்டோம்.

"பகலிலை கொஞ்சம் குளிர்தான் தம்பி. பிள்ளையள் வேலைக்குப் போனாப்பிறகு சூடு தானாக் குறையுது. நான் அந்தப் பெட்டியிலை கை வைக்கிறதில்லை. பிழைச்சுப் போனால் பிறகு என்ன செய்யிறது?"

அந்தப் பெட்டி என்று அவர் சொன்னது தெர்மோஸ்ரற்றை. மகளிடம் விசாரித்தபோதுதான் விடயம் புரிந்தது. புதிய பேர்னஸ் பூட்டியவர், காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வீடு 16 பாகைக்கு இறங்கும்படி செற் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். ஆட்கள் இல்லாத நேரத்தில் காசை மிச்சம் பிடிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்பதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. குளிசையைக் கூட்டுவதற்கு முன்பு அந்த செற்றிங்கை மாற்றச் சொன்னோம். அடுத்த மாதம் அவர் ஒரேயொரு சுவெற்றருடன் வந்தார். குளிசையைக் கூட்ட வேண்டிய தேவையும் வரவில்லை.

தெர்மோஸ்ரற்றைப் பற்றி ஒரு மருத்துவர் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். பிரஷர் பார்க்கும் கருவியைப் போல அதுவும் ஒரு சுகாதாரக் கருவி என்பதே எமது கருத்து.

குளிரும் உடலும்

குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. தொய்வு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய்களும் இறுகும். வயது போகப் போகக் குளிரை உணரும் தன்மையும் குறைவதால், குளிரவில்லை என்று முதியவர் சொல்வதை மட்டும் நம்பியிருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், குளிரான காலத்தில் வீட்டினுள் ஆகக் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்றும், முதியோர், சிறுவர், நாட்பட்ட நோயாளர் ஆகியோருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறியுள்ளது. முதியோர் உள்ள வீடுகளுக்குப் பகலில் 21 அல்லது 22, இரவில் 20க்குக் குறையாமல் என்பது நாம் நோயாளர்களுக்குச் சொல்லிவரும் அளவு.

இரண்டு நிலை என்றால் என்ன?

பழைய பேர்னஸ் ஒன்றில் முழு வேகத்தில் எரியும், இல்லையேல் நின்றுவிடும். இப்போது பல வீடுகளில் இருப்பது இரண்டு நிலைப் பேர்னஸ். முதல் நிலையில் அது தன் முழு வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குடன் மெதுவாகவும் நீண்ட நேரமும் ஓடும். அது போதாதபோது மட்டுமே இரண்டாம் நிலை வேலை செய்யும். அறையின் வெப்பநிலை நாம் கேட்ட அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, முதல் நிலை எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பவற்றைப் பார்த்துத் தெர்மோஸ்ரற் அதைத் தீர்மானிக்கிறது. மெதுவாக ஓடும்போது வெப்பம் எல்லா அறைகளுக்கும் சீராகப் பரவும். சத்தமும் குறைவு.

வேலையால் வந்தவுடன் குளிர்கிறது என்று 28க்கு ஏற்றிவிடும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. 22 கேட்டாலும் 28 கேட்டாலும் பழைய பேர்னஸ் ஒரே வேகத்தில்தான் எரியும். இரண்டு நிலைப் பேர்னஸில் இப்படி ஏற்றினால் இரண்டாம் நிலை தேவையின்றி எழும்பும். அரை மணி நேரத்தில் வீடு வெந்துபோக, யன்னலைத் திறப்போம். அதேபோல, பகலில் 5, 6 பாகை இறக்கிவிட்டு மாலையில் ஏற்றுவதும் நாள்தோறும் இரண்டாம் நிலையைத்தான் கூப்பிடும். முதியோர் உள்ள வீட்டில் பகல் முழுவதும் ஒரே அளவாக விட்டு, இரவில் மட்டும் 1 அல்லது 2 பாகை இறக்குவது உடலுக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது.

யாருடைய நேரசூசி?

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் நான்கு வேளைகள் இருக்கும்: எழும்பும் நேரம், வெளியே போகும் நேரம், திரும்பி வரும் நேரம், படுக்கும் நேரம். கணவனும் மனைவியும் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட்டால் வீடு வெறுமை என்ற எண்ணத்தில் அமைந்த நேரசூசி இது. எமது வீடுகள் அப்படியானவை அல்ல. அம்மம்மா இருப்பார், அப்பப்பா இருப்பார், பிள்ளை பெற்ற மகள் கைக்குழந்தையுடன் இருப்பாள். ஆகவே 'லீவ்' என்று காட்டும் வேளைக்கும் 'வேக்' வேளையின் அளவையே கொடுங்கள். சனி, ஞாயிறுக்குத் தனி நேரசூசி இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள்.

செலவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் 7 முதல் 10 பாகை பரனைற் வரை, அதாவது ஏறக்குறைய 4 முதல் 5.5 பாகை செல்சியஸ் வரை இறக்கிவைத்தால், வெப்பத்துக்கும் குளிரூட்டலுக்குமான ஆண்டுச் செலவில் 10 வீதம் வரை மிச்சம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டும் குடும்பத்துக்கு அது சிறிய காசு அல்ல. ஆனால் உள்ளே இருப்பவரின் உடம்பிலிருந்து பிடிக்கும் மிச்சம் மிச்சமாகாது. பில்டரை நேரத்துக்கு மாற்றுவதிலும், யன்னல் இடுக்குகளை அடைப்பதிலும் மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொன்று. வேலைத்தலத்தில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் வீட்டுச் சூட்டைக் குறைக்கும் பிள்ளைகளும், பெட்டிக்கு இரகசிய எண் போட்டுப் பூட்டிவைப்பவர்களும் உண்டு. பெற்றோரை அன்புடன் கூப்பிட்டு வைத்திருக்கும் பிள்ளைகள்தான் இவர்கள். பூட்டை எடுத்துவிடுங்கள். ஏற்றும் பொத்தான் எது, இறக்கும் பொத்தான் எது, 'ஹோல்ட்' அழுத்தினால் அந்த அளவு அப்படியே நிற்கும் என்ற மூன்றையும் காட்டிக்கொடுங்கள். பற்றரியில் இயங்கும் பெட்டியென்றால் ஆண்டுக்கு ஒரு தடவை பற்றரியை மாற்றுங்கள். பெட்டி இருப்பது நடைபாதையில், அம்மா படுப்பதோ கதவு சாத்திய மூலை அறையில். அந்த அறைக்குள் மலிவான வெப்பமானி ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கோடையிலும் இதே கதைதான்

"நாங்கள் வெயிலிலை பிறந்து வளர்ந்த ஆக்கள்" என்று சொல்லி ஏசியைப் போடவிடாத முதியோரும் உண்டு. அங்கே விறாந்தையும் வேப்பமர நிழலும் காற்றும் இருந்தன. உடம்புக்கும் அன்று வயது குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஆனி 25 முதல் ஆடி 1 வரையான ஒரே கிழமையில் 619 பேர் வெப்பத்தால் இறந்தனர். அவர்களில் 98 வீதமானோர் பாதிக்கப்பட்டது கட்டடங்களுக்கு உள்ளேதான். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும். முதுமையில் தாகம் குறைவாகவே தெரியும். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் குளிசைகள் உடலின் நீரை மேலும் இறக்கும். ஆகவே கோடையில் வீட்டினுள் 26 பாகைக்கு மேற்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலை ஏசியும் முதல் நிலையில் நீண்ட நேரம் ஓடும்போது காற்றின் ஈரத்தையும் நன்றாக இழுத்துவிடும். அழுத்தியவுடன் ஓடவில்லையென்று திரும்பத் திரும்ப அழுத்தவேண்டாம். தன்னைப் பாதுகாக்க அது சுமார் 5 நிமிடங்கள் பொறுத்துத்தான் தொடங்கும்.

கீழே இருப்பவர்

நாம் அகதியாக வந்த முதல் பனிக்காலத்தைக் கழித்தது ஒரு பேஸ்மென்ற்றில். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்மாடியில், வீட்டுக்காரரின் சுவரில் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு, கோட்டுடனேயே படுத்தோம். இன்று எம்மில் பலர் மேலே இருக்கிறோம். கீழே புதிதாக வந்த மாணவரோ, ஒரு சிறு குடும்பமோ வாடகைக்கு இருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கும் துணிவு புதிதாக வந்தவருக்கு வராது. குளிர் தாங்காமல் அவர்கள் காஸ் அடுப்பை எரியவிட்டால் கார்பன் மொனொக்சைட் நஞ்சு மேல்மாடிக்கும் ஏறிவரும். கீழே ஒருமுறை இறங்கிப் போய், குளிர்கிறதா என்று நாமாகவே கேட்போம்.

இன்று மாலை வேலையால் வந்ததும் அந்தப் பெட்டியின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் அம்மாவையோ அப்பாவையோ நிறுத்திக்கொள்ளுங்கள். "பகலிலை எவ்வளவு இருந்தால் உங்களுக்குச் சரி?" என்று கேட்டு, அந்த எண்ணை அவர்கள் கையாலேயே அழுத்தச் செய்யுங்கள். எமது மருந்துச் சீட்டுகள் சிலவற்றின் தேவை அதனால் இல்லாமற் போனால் எமக்கும் மகிழ்ச்சியே.