அட்டைகள் ஆயிரம், வட்டி ஒன்றே

நாளேடுகளின் வணிகப் பக்கங்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “உங்கள் வரவு செலவுக்கு ஏற்ற கடன் அட்டை எது?” பதிலாக ஓர் அட்டவணை தரப்படும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, நூறு ரூபாய் செலவுக்கு எத்தனை புள்ளிகள், பெட்ரோல் நிலையத்தில் என்ன தள்ளுபடி, விமான நிலைய ஓய்வறையில் எத்தனை முறை இலவசமாக அமரலாம் என்றெல்லாம் வரிசையாக ஒப்பிடப்படும். வாசகர் தமக்குப் பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் கடனில் மூழ்கினால், தேர்வில் பிழை செய்தவர் அவரே.

இந்த அட்டவணைகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு விவரம் இருக்கிறது. செலுத்த இயலாமல் போன பாக்கிக்கு வட்டி எவ்வளவு? நாட்டின் பெரிய வங்கிகள் வழங்கும் வழக்கமான அட்டைகளில் அது மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம் வரை, அதாவது ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம். சில விதிவிலக்குகள் தவிர, தனியார் வங்கி ஆனாலும் அரசு வங்கியின் துணை நிறுவனம் ஆனாலும் நிலைமை இதுதான். அட்டையின் நிறம் மாறும், பெயர் மாறும், பரிசுப் புள்ளி மாறும். வட்டி மட்டும் மாறுவதில்லை. எதை ஒப்பிட்டால் உழைப்பவருக்குப் பயன் உண்டோ, அதை ஒப்பிட வழியே இல்லாத சந்தைக்குத்தான் ‘நுகர்வோரின் தேர்வுச் சுதந்திரம்’ என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்தது. எனவே இது மேல்தட்டு மக்களின் பிரச்சனை என்று ஒதுக்கிவிட இயலாது. நொய்டாவின் தனியார் பள்ளி ஆசிரியை, பெங்களூருவின் ஒப்பந்தப் பொறியாளர், மானேசரின் தொழிற்சாலை ஊழியர் என மாதச் சம்பளம் மாதக் கடைசி வரை போதாத ஒவ்வொருவரின் பையிலும் இன்று இந்த அட்டை இருக்கக்கூடும்.

குறைந்தபட்சத் தொகை என்னும் கண்ணி

அட்டையின் விளம்பரம் 45 முதல் 50 நாள் வரை வட்டியில்லாக் கடன் என்கிறது. முழு நிலுவையையும் உரிய நாளில் செலுத்துபவருக்கு அது உண்மை. ஒரு பகுதி பாக்கி நின்றாலும் அந்தச் சலுகை பறிபோகும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். அடுத்த மாதம் வாங்கும் அரிசிக்கும் மருந்துக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாலோ, கட்டணமாக ஏறத்தாழ 2.5 சதவீதம் போக, வட்டியில்லா நாள் என்பதே கிடையாது.

எடுத்துக்காட்டாக, மேற்சொன்ன ஆசிரியை தாயின் மருத்துவச் செலவுக்காக அட்டையில் 50,000 ரூபாய் கடன்பட்டதாகக் கொள்ளலாம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது ஒன்றிய அரசின் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். மாத இறுதியில் நிலுவை 52,065 ரூபாய். ‘குறைந்தபட்சத் தொகை’ 5 சதவீதம் எனில், அவர் 2,603 ரூபாய் செலுத்தினால் போதும், தாமதக் கட்டணம் இல்லை என்று வங்கி அறிவிக்கும். அவரும் நிம்மதியடைவார். ஆனால் அந்த 2,603 ரூபாயில் அசலில் கழிந்தது 538 ரூபாய் மட்டுமே.

அதன்பின் அவர் அந்த அட்டையில் ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்கவில்லை, ஒரு தவணையும் தவறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஓராண்டில் ஏறத்தாழ 29,450 ரூபாய் செலுத்தியிருப்பார். கடனோ 43,900 ரூபாயாக நிற்கும். அந்தக் கடன் பாதியாகக் குறைய 64 மாதங்கள், அதாவது ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அதற்குள் அவர் செலுத்திய தொகை 1,20,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். இன்னும் 25,000 ரூபாய் பாக்கி இருக்கும்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகள், குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தி வருபவரின் கடன் வளர்ந்துகொண்டே போகக் கூடாது என்கின்றன. ஆமை வேகத்தில் தேய்ந்தாலும் விதி நிறைவேறிவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்றும் அதே நெறிமுறைகள் கூறுகின்றன. சிகரெட் பெட்டியின் எச்சரிக்கை போல அதுவும் அச்சாகிறது. வியாபாரம் தடையின்றி நடக்கிறது.

சலுகை யாருடைய பணம்?

பரிசுப் புள்ளிகளையும் தள்ளுபடிகளையும் வங்கி தன் கைக்காசில் வழங்குவதில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கடைக்காரரிடமிருந்து பிடிக்கப்படும் கட்டணம் ஒரு மூலம். அதைக் கடைக்காரர் விலையில் சேர்த்துவிடுவதால், ரொக்கம் கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்தச் சுமையில் பங்கேற்கிறார். பாக்கி வைப்பவர் செலுத்தும் வட்டியும் அபராதமும் மற்றொரு மூலம். மாதந்தோறும் முழுத் தொகையையும் செலுத்தும் வசதி படைத்தவர் விமான நிலைய ஓய்வறையில் அருந்தும் இலவசத் தேநீருக்கு, செலுத்த இயலாதவர் விலை கொடுக்கிறார். ‘அறிவார்ந்த தேர்வு’ என்று நிதி ஆலோசகர்கள் புகழ்வது, சாராம்சத்தில், கீழிருந்து மேல்நோக்கி நடக்கும் இந்த மாற்றத்தில் மேல்பக்கம் நின்றுகொள்ளும் சாமர்த்தியமே.

பிணையில்லாக் கடன் என்பதால் ஆபத்து அதிகம், ஆகவே வட்டியும் அதிகம் என்று வங்கிகள் வாதிடுகின்றன. இந்த வாதத்தை வங்கிகளின் கணக்கே மறுக்கிறது. அதே வங்கி, அதே ஊழியருக்கு, அதே சம்பளச் சான்றின் பேரில், எந்தப் பிணையும் இன்றித் தனிநபர் கடன் வழங்குகிறது. அதற்கு வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்துக்குள். கடன் வாங்குபவர் ஒருவரே, ஆபத்தும் ஒன்றே. அட்டை வழியாகக் கொடுத்தால் மட்டும் வட்டி இரட்டிப்பாவது ஏன்? 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ விகிதம் 4 சதவீதமாக இருந்தபோதும் அட்டை வட்டி இறங்கவில்லை. வங்கிக்குப் பணம் கிடைக்கும் விலைக்கும், அட்டை வழியாக அது விற்கும் விலைக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே இதன் பொருள். சாமானியர் சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்துக்குப் பெரிய வங்கிகள் 3 சதவீதம்கூடத் தருவதில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றப் படிகளில்

இந்தக் கொள்ளை எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. ‘ஆவாஸ்’ என்ற அமைப்பு முதலானோர் தொடுத்த வழக்கில், தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் 2008 ஜூலை 7 அன்று முக்கியத் தீர்ப்பொன்றை அளித்தது. உரிய நாளில் முழுத் தொகையைச் செலுத்தத் தவறியவரிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அது அறிவித்தது. வங்கிகள் உச்சநீதிமன்றத்தை நாடின. தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பர் 20 அன்று, உச்சநீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் ஆளுகைக்கு உட்பட்டது, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஆணையம் திருத்தி எழுத முடியாது, அட்டைதாரர்கள் விதிமுறைகளை அறிந்தவர்களே என்பது தீர்ப்பின் சாரம்.

சரி, ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது? வட்டி கந்துவட்டி போல் இருக்கக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. உச்சவரம்பை அட்டை வழங்கும் நிறுவனங்களே வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. பாலுக்குப் பூனை காவல். 2023 நவம்பரில் நுகர்வுக் கடன்கள் பெருகுவது கண்டு அது கவலைப்பட்டது உண்மை. வங்கிகளின் அட்டைக் கடன்களுக்கான ஆபத்து மதிப்பீட்டை 125இலிருந்து 150 சதவீதமாக உயர்த்தி, கூடுதல் மூலதனம் ஒதுக்கச் சொன்னது. வங்கியைக் காக்க ஆணை பிறந்தது. கடனாளியைக் காக்க அறிவுரை மட்டுமே கிடைத்தது.

இதன் வேர் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் நடைமுறைக்கு வந்த 21ஏ பிரிவு, வங்கி வாங்கும் வட்டி மிகை என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் கணக்கைத் திரும்பத் திறக்கக் கூடாது என்கிறது. வெள்ளையர் ஆட்சி 1918இல் இயற்றிய கொடுவட்டிக் கடன் சட்டத்தின் பாதுகாப்புகூட வங்கிக் கடனாளிக்கு இல்லாமல் செய்யப்பட்டது. தமிழ்நாடு 2003இலும், கர்நாடகம் 2004இலும், கேரளம் 2012இலும் மிகைவட்டித் தடைச் சட்டங்களை இயற்றின. தெருமுனையில் வட்டிக்கு விடுபவர் மீது அவை பாயும். குளிரூட்டிய கட்டிடத்தில் அமர்ந்து 45 சதவீதம் வாங்குபவரை அவை தொடாது. அந்த வட்டியில் 18 சதவீத வரியாகத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் ஒன்றிய அரசிடம் தடையை எதிர்பார்ப்பது எப்படி? மற்றக் கடன்களின் வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, கடன் அட்டை வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

4 சதவீதமும் 42 சதவீதமும்

வங்கிகள் என்றும் இப்படித்தான் இருந்தன என்று இளந்தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் தேசவுடைமையாயின. 1972இல் வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் வந்தது. நலிந்த பிரிவினருக்கு 4 சதவீத வட்டியில் கடன் தருவது அரசு வங்கிகளின் கடமையாக்கப்பட்டது. நடைமுறையில் குறைகள் ஏராளம். எனினும், ஏழைக்கு வட்டி குறைவாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு ஏட்டிலேனும் இருந்தது. நரசிம்மம் குழுவின் 1991ஆம் ஆண்டு பரிந்துரைகள் பாதையைத் திருப்பின. 1994 அக்டோபரில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களின் வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்றானது; 2010இல் சிறு கடன்களுக்கான கட்டுப்பாடும் போனது. ஏழைக்கு 4 சதவீதம் என்ற இடத்திலிருந்து, இல்லாதவனிடம் 42 சதவீதம் என்ற இடத்துக்கு நாடு கொண்டுவரப்பட்ட வரலாறு இதுவே.

பெருமுதலாளிகளிடம் இதே வங்கிகள் காட்டும் தாராளம் உலகறிந்தது. 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதாக 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதில் 7.40 லட்சம் கோடி பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுடையது. நீக்கம் என்றால் தள்ளுபடி அல்ல என்று விளக்கம் வேறு. மீட்கப்பட்டதோ ஏறத்தாழ 2.04 லட்சம் கோடி மட்டுமே. ஐம்பதாயிரம் ரூபாய்க்காக ஆசிரியையின் வீட்டு வாசலில் வசூல் முகவர் நிற்கிறார். ஆயிரம் கோடிக்காக எவர் வாசலில் எவர் நின்றார்?

கையில் அட்டை வைத்திருப்பவர்கள்

கட்டாயப்படுத்தி எவரும் கடன் வாங்கச் சொல்லவில்லையே என்பார்கள். அரசு மருத்துவமனைகளை நலிய விட்டு, கல்வியைக் கட்டணக் கடையாக்கி, நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக்கியவர்கள் இதைச் சொல்லும் தகுதியற்றவர்கள். கூலி உயர்வாகக் கிடைத்திருக்க வேண்டியது இன்று கடனாகக் கிடைக்கிறது, அதுவும் வட்டியோடு.

எனினும், போராட்டம் வெல்லும் வரை உழைப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். அட்டை வைத்திருப்பவர் முழு நிலுவையையும் செலுத்த இயலும் அளவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதில் ரொக்கம் எடுக்கவே கூடாது. பாக்கி ஏற்கெனவே நின்றுவிட்டால், ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்திலோ குறைந்த வட்டித் தனிநபர் கடன் வழியாகவோ அதை உடனே அடைப்பதே அறிவு. கேட்காத அட்டையை வங்கி திணிக்கக் கூடாது. நிலுவை இல்லாத அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைப்பது விதிமீறல். இந்த உரிமைகளை ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் தன் உறுப்பினர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். கடனை வெட்கமென மறைத்துத் தனியே தவிப்பவரைச் சங்கத்தின் அரவணைப்புக்குள் கொண்டுவருவதும் வர்க்கப் பணியே.

ஆனால் தனிநபர் எச்சரிக்கை தீர்வாகிவிடாது. அட்டைக் கடன் உள்ளிட்ட அனைத்து நுகர்வுக் கடன்களுக்கும் சட்டப்படி வட்டி உச்சவரம்பு வேண்டும். 21ஏ பிரிவு திருத்தப்பட்டு, மிகைவட்டியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை கடனாளிக்குத் திரும்ப வேண்டும். அட்டை வட்டி மீதான ஜி.எஸ்.டி. நீக்கப்பட வேண்டும். மருத்துவம், கல்வி போன்ற அவசரத் தேவைகளுக்குக் குறைந்த வட்டியில் சிறுகடன் வழங்கும் பொறுப்பைப் பொதுத்துறை வங்கிகள் மீண்டும் ஏற்க வேண்டும். உச்சநீதிமன்றம் ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்றால், சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தால் முடியும். அந்த நாடாளுமன்றத்தை நிர்ப்பந்திக்க வீதியால் முடியும்.

எந்த அட்டை நல்லது என்று மக்களைக் கேட்க வைத்திருப்பது நிதி மூலதனத்தின் வெற்றி. இந்த வட்டியை யார் அனுமதித்தார் என்று மக்கள் கேட்கத் தொடங்கும் நாளில் அந்த வெற்றி ஆட்டம் காணும். அந்தக் கேள்வியை ஆலை வாயிலுக்கும் அலுவலக வாயிலுக்கும் எடுத்துச் செல்வது இடதுசாரிகளின் கடமை.