அரைப் பேர்

பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ‘அரைப் பேர்’தான், அதாவது அரைநாள் கூலிதான், விழும். ஒரு கையை இழந்தவருக்கு அதுவும் இல்லை. கொழுந்து இரண்டு கையாலும் பறிப்பது. ஒரு கை போனால் போவது பாதி வேலை அல்ல, முழு வேலை. லயத்துக் காம்பராவும் வேலையோடு ஒட்டியது என்பதால் அந்தக் கவலையும் சேர்ந்தே வரும்.

இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. ரோலரும் டிரையரும் மலையேறின. 1924இல் ரயில் பதுளை வரை போய்ச் சேர்ந்தது. அவ்வளவு காலமும், இயந்திரத்தில் கை போனவருக்கு நட்டஈடு வேண்டுமென்றால் தோட்டத் துரையின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எழுத்தறியாத ஒரு குடும்பத்தால் அது முடிகிற காரியமா?

1934இன் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. வேலையினால், வேலையின்போது காயமா என்பதே கேள்வி. யார் தவறு என்பது அல்ல. இந்தியாவில் இத்தகைய சட்டம் 1923இலேயே வந்திருந்தது. அந்த இந்தியச் சட்டத்தின் அட்டவணை முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70 வீதம், இடது கை போனால் 60 வீதம், பெருவிரலுக்கு 25 வீதம் என்று உழைக்கும் திறனின் இழப்பைக் கணக்கிட்டது. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணுக்கு வலது இடது என்று என்ன பேதம்? ஆனாலும் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டென்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்புப் போடச் சொன்னது.

1948இல் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிபோனபோதும் நட்டஈட்டுச் சட்டம் யார் எந்த நாட்டவர் என்று கேட்கவில்லை. வாக்குச்சீட்டு இல்லாதவருக்கும் அந்த உரிமை இருந்தது. எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது?

2022இல் நட்டஈட்டின் உச்சத் தொகை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் கணக்கு சம்பளத்தை வைத்துத்தான். சம்பளம் சிறுத்தால் கைக்கு எழுதும் விலையும் சிறுக்கும். ஆகவே நாட்சம்பளப் போராட்டம் நட்டஈட்டுப் போராட்டமும்தான்.

எல்லாக் கையும் காலும் இயந்திரத்தில் போவதில்லை. கவ்வாத்துக் கத்தி பட்ட சிறு வெட்டு, செருப்பில்லாத காலில் ஏறிய முள், உள்ளே தெரியாமல் இருக்கும் சீனி வியாதி: புண் ஆறாமல் அழுகி, கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டி வரும். அப்போது, “இது வியாதி, விபத்தல்ல” என்று வாதம் எழும். முதல் நாள் வெட்டு எங்கும் பதியப்படாமல் போனால் அந்த வாதமே வெல்லும்.

கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகம் கொழும்பில். சங்கத் தலைவர் எழுதித் தரலாம். வக்கீலுக்குக் காசில்லாதவர் 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். கைக்காசு ஏதோ கொடுத்து ஒரு தாளில் பெருவிரல் ரேகை கேட்டால், அந்தத் தாளை இவர்களில் ஒருவரிடம் காட்டாமல் ரேகை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், டிஸ்பென்சரியில் மருந்து கட்டிய கையோடு, எந்த மலையில், எத்தனை மணிக்கு, எந்த வேலையில் காயம் பட்டதென்று புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சீட்டொன்றைக் கேட்டு வாங்குங்கள்.