அரசியல் விழுங்கிய மேதையா?

ஜெர்ரி டாமர்ஸ் பெயரை எடுத்தாலே இசை ரசிகர்களில் ஒரு சாரார் உச்சுக் கொட்டுவார்கள். ஸ்பெஷல்ஸ் குழுவின் கீபோர்டுக்காரர், பாடலாசிரியர், 1979 முதல் 1981 வரை பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்தவர். அப்புறம் அரசியலில் இறங்கி வீணாகிவிட்டார் என்பார்கள். கலைஞனுக்கு அரசியல் ஆகாது என்று நம்புகிறவர்களுக்கு இவர் வசதியான சாட்சி. அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம்.

அரசியல் அவரிடம் பாதியில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. கார் ஆலைகளின் நகரமான கோவென்ட்ரியில் 1977இல் அவர் கூட்டிய குழுவே ஓர் அரசியல் செயல்தான். குடியேறிய கறுப்பர்களைத் துரத்த வேண்டும் என்று நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஊர்வலம் போன காலத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று ஜமைக்காவின் ஸ்காவையும் பங்க்கையும் கலந்து வாசித்தார்கள். அவர் 1979இல் தொடங்கிய டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சும்மா அழகுக்கு வரைந்தவை அல்ல. 1980இல் அக்குழுவின் கிட்டார் கலைஞர் லின்வல் கோல்டிங்கை இனவெறியர்கள் அடித்துப் போட்டார்கள். (டாமர்ஸ் பிறந்தது நம் உதகமண்டலத்தில், ஒரு பாதிரியாரின் மகனாக. சிறு குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். நாம் உரிமை கொண்டாட அதிகம் ஒன்றுமில்லை.)

பிரச்சாரம் புகுந்தால் இசை செத்துவிடுமாம். அப்படிச் சொல்பவர்கள் ஸ்பெஷல்ஸுக்காக அவர் எழுதிய 'கோஸ்ட் டவுன்' பாட்டை ஒரு தரம் காது கொடுத்துக் கேட்கட்டும். வேலையில்லாத் திண்டாட்டமும் பூட்டிக் கிடக்கும் நடன விடுதிகளும்தான் அதன் பொருள். பேய்ப்படத்தில் வருவது போன்ற ஆர்கன், எங்கும் வந்து அமராமல் தவிக்கும் கார்டுகள், பின்னால் ஊளையிடும் குரல்கள், ரீக்கோ ரோட்ரிகஸின் டிராம்போன். நடுவில் சில கணம் பழைய நாட்களின் நினைவாக மெட்டு மேஜருக்குத் தாவிக் குதூகலிக்கிறது. உடனே மறுபடி இருட்டு. பாட்டின் வரிகளோ கொஞ்சம்தான். ஊரின் வெறுமையைச் சொல்லும் வேலையைப் பெரும்பாலும் மெட்டே பார்த்துவிடுகிறது. 1981 ஜூலையில் அது பிரிட்டிஷ் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத்திலும் மான்செஸ்டரின் மாஸ் சைடிலும் கலவரத் தீ எரிந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் வந்த பாட்டுகளில் இதைவிடத் துணிச்சலான இசையமைப்பைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

பிறகு ஏன் ஓய்ந்தார்? மூன்று பாடகர்கள் குழுவை விட்டுப் போனார்கள். களைப்பும் மனக்கசப்பும்தான் காரணம். 1984இல் வந்த 'இன் தி ஸ்டுடியோ' ஆல்பத்தைத் திருத்தித் திருத்தி ஆண்டுக்கணக்கில் இழுத்தார். செலவு ஏறியது, விற்பனை கைகொடுக்கவில்லை, கம்பெனிக் கடன் கழுத்தை நெரித்தது. அவரைக் கெடுத்தது இந்தப் பிடிவாதம் என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆல்பத்தில் நன்றாக ஓடிய பாட்டு எது? 'நெல்சன் மண்டேலா'. அதிலேயே அரசியல் மிக வெளிப்படையான பாட்டு, மிகக் கொண்டாட்டமான பாட்டும் அதுதான். பிரிட்டிஷ் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. அரசியல் அவரை விழுங்கியது என்ற வாதத்துக்கு இதைவிடச் சங்கடமான சான்று கிடையாது.

அவர் மௌனமாகிவிட்டதாகச் சொல்லப்படும் ஆண்டுகளையும் பாருங்கள். 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள் அமைப்பைக் கட்டினார். அந்த ஜூன் மாதம் லண்டன் கிளாப்பம் காமன் திடலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டிய இசைவிழா நடந்தது. 1988 ஜூன் 11இல் வெம்ப்ளி அரங்கில், அப்போது சிறையில் இருந்த மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாள் நிகழ்ச்சி. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தொலைக்காட்சிகளில் அது போனது. அது நடப்பதற்குப் பின்னாலும் இவர் உழைப்பு உண்டு. பாட்டு சிறைக்கதவைத் திறந்தது என்று நான் அளக்கப்போவதில்லை. தென்னாப்பிரிக்க மக்கள் செத்துப் போராடித் திறந்த கதவு அது. ஆனாலும் வெளியுலகில் கோடிக்கணக்கானவர்கள் அந்தக் கைதியின் பெயரைக் கற்றுக்கொண்டதில் இவருக்குப் பங்கில்லையா?

ஆல்பத்தை எண்ணி ஆளை எடைபோடுவது கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் வேலை. ரசிகனுக்கு எதற்கு அது? 2014இல் தென்னாப்பிரிக்கா தன் உயரிய தேசிய விருதுகளில் ஒன்றான ஆலிவர் டாம்போ விருதை ஜெர்ரி டாமர்ஸுக்கு வழங்கியது.