கல்லறைத் தோட்டத்து இசங்கு

நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள், நெருங்குமுன் நம் கடலோரப் பங்குகளில் கல்லறைத் தோட்டங்களைத் துப்புரவு செய்யும் நல்வழக்கம் உண்டு. முன்பு இளைஞர் அரிவாளும் மண்வெட்டியுமாகச் சென்று நாள் முழுதும் பாடுபடுவர். இப்போது மண் தள்ளும் இயந்திரம் வாடகைக்கு வருகிறது. இரண்டு மணி நேரத்தில் நிலம் மொட்டையாகிறது. முள்ளெல்லாம் ஒழிந்ததென்று மகிழ்கிறோம். ஒழிந்தவற்றுள் இசங்கும் ஒன்று என்பதை நினைப்போர் சிலரே.

இசங்கு என்றும் சங்கஞ்செடி என்றும் நம் முன்னோர் வழங்கிய இப்புதர், இராமநாதபுரம், தூத்துக்குடிப் பகுதிகளின் மணற்பாங்கான தரிசுகளில் தானே வளர்வது. இலைகள் தடித்து, இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். கணுவுக்கு நான்கு முட்கள். பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இதற்கு 'டெட்ரகாந்தா', அதாவது 'நான்கு முள்ளுடையது', என்று பெயரிட்டதும் அதனாலேயே. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் பட்டாணியளவில் வெள்ளைப் பழங்கள் காணும். பறவைகள் தின்று விதையைப் பரப்பும். இருமலுக்கும் வாதத்துக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இதன் இலையை நாட்டு வைத்தியர் கொடுத்துவந்தனர். (மருத்துவரைக் கேளாமல் எவரும் அரைத்துக் குடிக்க வேண்டா என்பதையும் சொல்லி வைக்கிறோம்.)

வெளிர்ச் செம்மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அது முட்டையிட நாடுவது இசங்கையும் அதன் நெருங்கிய உறவாகிய உகாய் மரத்தையுமே. நற்செய்தியில் வரும் கடுகு மரம் இந்த உகாயே என்று சில அறிஞர் கருதியதுண்டு. பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை, நாமும் வற்புறுத்தோம். ஆயினும் இவ்விரண்டும் கடுகுக்குத் தூரத்து உறவு என்பதைத் தற்காலத் தாவரவியல் ஒப்புகிறது.

முள் என்றதும் ஆதாமுக்குக் கிடைத்த சாபம் நம் நினைவுக்கு வருகிறது. மோசே கண்ட முட்புதர் வருவதில்லை. அதனினும் பெரிய இடர், சீமைக் கருவேலத்தின் பழி இசங்கின் தலையில் விழுவதே. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றப் பணித்தபோது ஊர்தோறும் எழுந்த வேகம் நினைவிருக்கலாம். அகற்றுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதனோடு இசங்கையும் வாரியெறிந்தால், வெறுமையான அந்த மண்ணில் முந்தி முளைப்பது எது? ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விட்டுச்செல்லும் சீமைக் கருவேல விதையே! வேர்க்கட்டையை விட்டு மேலே வெட்டினாலும் அது மீண்டும் துளிர்க்கும். களையைப் பறிக்கையில் கோதுமையும் சேர்ந்து போகுமே என்று உவமையில் வரும் வீட்டுத் தலைவர் அஞ்சியது இங்கே கண்கூடு.

உழவும் மனைப்பிரிவும் எளிதில் புகாத இடம் கல்லறை மண். ஆதலின் பல ஊர்களில் இசங்கு எஞ்சி நிற்பது அதன் சுவரோரத்தில்தான். பாம்பு அடையும் என்பர் தாய்மார். அவ்வச்சம் நியாயமானதே. கல்லறைகளுக்கிடையே நடைவழியை நன்றாகச் செதுக்கி விடலாம். மூலையிலும் சுவரோரத்திலும் நிற்பதை ஏன் தொட வேண்டும்?

இயந்திரம் வருவதற்கு முந்தின ஞாயிறன்று, மறைக்கல்விப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரியவர் இருவர் சென்று, இசங்குப் புதர்களில் வண்ணத்துணி கட்டிவிட்டால் போதும். அடையாளம் எளிது. தடித்த இலை, கணுவுக்கு நான்கு முள்: அது இசங்கு. நுண்ணிலைகள் சீப்புப்போல் அடுக்கியிருக்க, கணுவில் ஒன்றோ இரண்டோ முள்: அது சீமைக் கருவேலம். பழமில்லாத செடி வீணென்று வெட்டிவிட வேண்டா. அது ஆண் செடியாயிருக்கலாம். அதுவும் அருகில் நின்றால்தான் மற்றது காய்க்கும்.