அலை மாறியது, வாக்கு மாறவில்லை!

தேர்தல் வந்துவிட்டால் தொலைக்காட்சிகளில் அலையைப் பற்றித்தான் பேச்சு. 2014இல் மோடி அலை என்றார்கள். 2019இல் தமிழகத்தில் எதிர் அலை என்றார்கள். நம் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் கணக்கோ வேறு கதை சொல்கிறது.

2014இல் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் சுமார் 3.73 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். 2019இல் சுமார் 3.67 லட்சம் பெற்று வசந்தகுமாரிடம் தோற்றார். 2024இல் சுமார் 3.66 லட்சம், விஜய் வசந்திடம் தோல்வி. இடையில் 2021 இடைத்தேர்தலில் மட்டும் 4.38 லட்சமாக உயர்ந்தது. அப்போதும் வெற்றி இல்லை. 2014இல் காங்கிரஸ், அதிமுக, திமுக மூன்றும் தனித்தனியே நின்றன. பிறகு காங்கிரசும் திமுகவும் கைகோர்த்தன. முடிவை மாற்றியதில் பெரும்பங்கு அந்தக் கூட்டணிக்குத்தான்.

பத்து ஆண்டுகளில் எத்தனை விவாதங்கள், எத்தனை வாட்ஸ்அப் செய்திகள்! ஊடகம் மனங்களை மாற்றியதை விட, ஏற்கெனவே இருந்த பிளவை இறுக்கியதே அதிகம் என்று நாம் கருதுகிறோம்.

பிளவு நேற்று வந்ததல்ல. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47 சதவீதம், நாம் 4 சதவீதம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது கைபேசி இல்லை; வதந்தி வாய்வழியே ஊர் ஊராகப் போனது. 1996இல் பத்மநாபபுரத்தில் வேலாயுதம் வென்று, தமிழகத்தின் முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினரானார். அன்று வாய்வழி போனது இன்று விரல்நுனியில் போகிறது.

இதில் காணாமல் போவது எது? பேச்சிப்பாறைக்கு வந்து பாருங்கள். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் நீர் யாருடைய வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் சேருகிறதா, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் கூலி போதுமா, ரப்பர் விலை நிற்குமா என்பவைதான் இங்குள்ள எல்லா வீட்டுக் கவலையும். எந்தத் தொலைக்காட்சி விவாதத்தில் இவற்றுக்கு அரைமணி நேரம் கிடைத்தது?

பிரிப்பவர்கள் மற்றவர்கள்தான் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வேட்பாளர் என்ன செய்தார் என்பதற்கு முன்னால் அவர் எந்த மதம் என்று விசாரிக்கும் செய்திகள் நம் குழுக்களிலும் சுற்றுகின்றன. இரண்டு பெரும் சமூகங்களுக்கு நடுவே வாழும் நமக்கு, பொய்ச் செய்தி ஒன்று தீயாகப் பரவினால் தப்பிக்க இடமில்லை.

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தைச் சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. இது தேர்தல் காலத்துக்கும் பொருந்தும். உறுதியில்லாத செய்தி நம் கைபேசியோடு நிற்கட்டும். வாக்கு கேட்டு வருபவரிடம் தண்ணீரையும் கூலியையும் பற்றிக் கேட்போம். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காப்பானாக!